டேக்கை விழுங்கும் ஆர்எஸ்எஸ் ரீடர்: ஏழு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"ஃபிரண்ட்எண்ட் செய்திகளை எதில் படிக்கிறீர்கள்? அந்த ரீடருக்குச் சந்தா கட்டலாமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். ஃபிரண்ட்எண்ட் என்றால் இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் வேலை, என் தொழில். ரீடர் என்றது, பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் ஆப்பை. அதை ஏழு வருடமாகக் காசு கட்டிப் பயன்படுத்துகிறேன். ஆனாலும் உடனே பதில் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உலாவிகளின் வெளியீட்டுக் குறிப்புகள், எம்டிஎன் என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத் தளம், சஃபாரி உலாவியின் இயந்திரமான வெப்கிட்டை உருவாக்கும் குழுவின் அறிவிப்புகள், எனக்குப் பிடித்த சில வடிவமைப்பாளர்களின் தளங்கள் என்று எண்பதுக்கும் மேல் ஃபீடுகள் (ஒரு தளத்தின் புதிய பதிவுகளின் பட்டியல்) வைத்திருக்கிறேன். எல்லாம் நேர வரிசையில் வரும். எனக்கு எது பிடிக்கும் என்று வேறு யாரும் முடிவு செய்வதில்லை. காலையில் இருபது நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம், அப்புறம் வேலையைப் பார்க்கலாம். வேகம், தேடல், ஆஃப்லைன் வாசிப்பு எதிலும் குறையில்லை.

ஒரே ஒரு விஷயம்தான். இணையப் பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பையும் எச்டிஎம்எல் மொழியில் குறிப்பது டேக்; அதைக் கோண அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். ஒரு பதிவின் தலைப்பில் டேக் பெயர் அப்படி அடைப்புக்குறியோடு இருந்தால், அந்தப் பெயரை இந்த ஆப் தூக்கிவிடும். அந்த இடத்தில் வெற்றிடமாவது தெரியுமா என்றால், அதுவும் இல்லை. அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளை உலாவி ஒன்றாகச் சுருக்கிவிடுவதால், எதுவோ காணாமல் போனதே கண்ணில் படாது.

2022 மார்ச்சில் எனக்கு நடந்தது இது. பாப்அப் பெட்டிகளுக்கான டயலாக் டேக் குரோமில் 2014-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இல்லாததால் பாப்அப் தேவைப்படும் இடங்களில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டிலும் ஒரு வார இடைவெளியில் டயலாக் வந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்த செய்தி. என் ரீடரில் அது டயலாக் என்ற பெயர் போய், 'உறுப்பு இனி எல்லா உலாவிகளிலும்' என்று நின்றது. எந்த உறுப்பு? ஏதோ சின்ன விஷயம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து வேறொருவரின் நிரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டயலாக்கின் ஷோமோடல் என்ற கட்டளையை அழைத்தால் போதும்: பின்னால் இருக்கும் பக்கத்துக்குள் டேப் விசை போகாது, எஸ்கேப் விசையை அழுத்தினால் மூடிக்கொள்ளும், எது எதற்கு மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸோடு சண்டை போட வேண்டியதில்லை. அந்த ஐந்து மாதத்தில் இதே வேலைகளுக்காக நான் கையால் எழுதிய நிரலை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால், முழுப் பழியும் ஆப்பின் மேல் இல்லை. தலைப்பில் வருவது வெறும் எழுத்தா, எச்டிஎம்எல்லா என்று ஆர்எஸ்எஸ் 2.0 தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு தளம் ஒரு முறை எஸ்கேப் செய்கிறது (அதாவது அடைப்புக்குறியை டேக்காக எடுத்துக்கொள்ளாதபடி மாற்றுக் குறியீடாக எழுதுகிறது), இன்னொன்று இரண்டு முறை. 2005-இல் வந்த ஆட்டம் என்ற இன்னொரு ஃபீடு வடிவம் டைப் என்ற பண்பை வைத்து இதற்கு ஒரு வழி செய்தது. ஆனால் எல்லாத் தளங்களும் அதற்கு மாறவில்லை. முன்பின் தெரியாத தளத்திலிருந்து வரும் ஸ்கிரிப்ட்டை நீக்குவதும் சரிதான், பாதுகாப்புக்கு அது வேண்டும்.

ஆனால் தலைப்பில் எதையும் நீக்கத் தேவையே இல்லை. கோண அடைப்புக்குறியை எஸ்கேப் செய்து எழுத்தாகவே காட்டினால், நீக்குவது எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவு பாதுகாப்பு அதிலும் கிடைக்கும். இதை விளக்கி, மாதிரி ஃபீடும் இணைத்து, மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் 'பதிவு செய்துகொண்டோம்' என்றார்கள். டேக்குகளைப் பற்றிய செய்தியைப் படிக்கத்தான் இதற்குக் காசு கொடுக்கிறேன்.

நண்பரிடம் கட்ட வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். ஏழு வருடத்தில் இதைவிட நல்ல ரீடர் என் கண்ணில் படவில்லை, அதையும் சொன்னேன். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. வேறு ரீடருக்கு மாற்ற வசதியாக, ஃபீடுகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வைத்துவிட்டேன். நேற்று காலையிலும் 'உறுப்பை அலங்கரிப்பது எப்படி' என்று ஒரு தலைப்பு வந்திருந்தது. திறந்து பார்த்தால், செலக்ட் டேக்.