இசுஸு டி-மாக்ஸ் மின் பிக்கப்: புதுமை எவ்வளவு, சுமை எவ்வளவு?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பிக்கப்பை யாரும் அழகுக்காக வாங்குவதில்லை. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் செல்வது, வெயில் ஏறுவதற்குள் உரமூட்டைகளைத் தோட்டத்தின் பகுதிக்குப் பகுதி இறக்குவது, பிற்பகலில் உதிரிப் பழச் சாக்குகளைச் சேர்த்துக்கொண்டு வருவது, சனிக்கிழமையானால் பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது என்று ஒரே வண்டி நாலு வண்டியின் வேலையைப் பார்க்கிறது. டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறிய பிக்கப் ஒன்றைப் புதுமையானது என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், அதைச் சுமைத்தட்டிலும் செம்மண் பாதையிலும் வைத்துத்தான் எடைபோட வேண்டும். நம் தோட்டங்களுக்கு நன்கு பழகிய இசுஸு டி-மாக்ஸின் மின் வடிவத்தை அந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்பதே இந்த மதிப்புரை. இது நிறுவனம் வெளியிட்ட விவரங்களை நம் வேலையோடு பொருத்திப் பார்த்து எழுதியது; ஓட்டிப் பார்த்து எழுதியது அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2024 மார்ச்சில் பாங்காக் வாகனக் கண்காட்சியில் இந்த வண்டியை இசுஸு முதன்முதலில் காட்டியது. இதன் மின்கலத்தின் கொள்ளளவு 66.9 கிலோவாட் மணி. ஒருமுறை முழுமையாக மின்னேற்றினால் டபிள்யூஎல்டிபி என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி 263 கிலோமீட்டர் ஓடும். ஏறத்தாழ ஒரு டன் சுமை ஏற்றலாம், 3.5 டன் வரை இழுக்கலாம். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 10 விநாடிக்குச் சற்று மேலாகிறது. மின்வண்டி என்றாலே பந்தயக்காரைத் தோற்கடிக்கும் என்று விளம்பரம் செய்யும் காலத்தில், இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. வெளித்தோற்றத்திலும் உள்ளறையிலும் டீசல் டி-மாக்ஸுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. தோட்ட எழுத்தரான கிராணியின் வீட்டு வாசலில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

புதிது என்று இசுஸு சுட்டிக்காட்டுவது அடிப்பாகத்தைத்தான். முன்னும் பின்னும் ஒவ்வொரு அச்சிலும் மோட்டார், பற்சக்கரங்கள், மின்னோட்டக் கட்டுப்பாடு ஆகியவை ஒரே பெட்டிக்குள் அடங்கிய மின்னச்சு இருக்கிறது; இயந்திரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் நீண்ட தண்டுக்கு வேலை இல்லை; நான்கு சக்கரங்களும் எப்போதும் உந்துகின்றன. பின்பக்கத்தில் கனமான மோட்டாரைச் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்க விடாமல் சட்டகத்தில் பொருத்திவிட்டு, இரு சக்கரங்களையும் தனிக் குழாயால் இணைத்திருக்கிறார்கள். டி தியோன் அமைப்பு என்று இதற்குப் பெயர். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது குதிக்கும் எடை குறைவதால் டயர் தரையை விட்டு எழும்பாது என்பது இதன் பயன்.

பயனுள்ளது என்பதில் ஐயமில்லை, ஆனால் புதிதா? டி தியோன் அமைப்பு 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பிரான்சில் பிறந்தது. மின் பிக்கப்பும் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் செவர்லே நிறுவனம் எஸ்-10 பிக்கப்பின் மின் வடிவத்தை 1997இலும் ஃபோர்டு நிறுவனம் ரேஞ்சரின் மின் வடிவத்தை 1998இலும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அந்த ரேஞ்சரின் பின்பக்கத்திலேயே டி தியோன் அமைப்புதான் இருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் ஒருவர் யோசித்து முடித்ததை, இன்றைய மின்கலத்தையும் இன்றைய மோட்டாரையும் வைத்து இசுஸு செம்மையாகச் செய்திருக்கிறது என்பதே சரியான வருணனை.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது டெஸ்லாவின் மின் பிக்கப்பான சைபர்டிரக். தொழில்நுட்பப் புதுமை என்று மட்டும் பார்த்தால் அதற்குத்தான் முதலிடம். சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே இரும்புத் தொடர்பே இல்லாமல் மின்சமிக்ஞையால் திருப்புவது, வண்டிகளில் பல்லாண்டுகளாக நிலைத்துவிட்ட 12 வோல்ட் சிறுமின்சுற்றை 48 வோல்ட்டுக்கு மாற்றிக் கம்பிகளின் கனத்தைக் குறைத்தது ஆகிய இரண்டும் மற்றவர்கள் தயங்கி நின்ற இடத்தில் துணிந்து எடுத்து வைத்த அடிகள். ஆனால் 2019இல் அறிமுகப்படுத்தியபோது உயர்ந்த வகை 500 மைலுக்கு மேல் ஓடும் என்று சொன்னார்கள். 2023 நவம்பரில் கைக்கு வந்தபோது எந்த வகையும் அந்தத் தூரத்தைத் தொடவில்லை. 2025 மார்ச்சில், துருப்பிடிக்காத எஃகால் ஆன வெளித்தகடு ஒன்று ஒட்டு விட்டுக் கழன்றுவிடக்கூடும் என்பதற்காக 46,000க்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆணி, திருகு, வெல்டிங் என்று பழகிய நம் பட்டறைக்காரர்களிடம் பிக்கப்பின் தகடு பசையில் நிற்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இனி சுமைக்கு வருவோம். டொயோட்டா 2025 நவம்பரில் புதிய ஹைலக்ஸை வெளியிட்டபோது அதன் மின் வடிவத்தையும் காட்டியது. 59.2 கிலோவாட் மணி மின்கலம், சுமார் 240 கிலோமீட்டர் ஓட்டம், 700 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் திறன் என்ற வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமைதான் 715 கிலோ, இழுவை 1,600 கிலோ. ஓட்டுநரும் உடன் வரும் ஆளும் சேர்ந்து 130 கிலோ என்று வைத்துக்கொண்டால் (சுமைக் கணக்கில் ஆட்களின் எடையும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்) ஹைலக்ஸில் மிஞ்சுவது 585 கிலோ. அதாவது 50 கிலோ உரமூட்டைகள் 11. இதே கணக்கில் மின் டி-மாக்ஸ் 17 மூட்டைகளைத் தாங்குகிறது. ஒரு டன் டீசல் பிக்கப்பும் சட்டப்படி ஏற்றக்கூடியது ஏறக்குறைய அதே 17தான். உரம் போடும் பருவத்தில் மழை எப்போது இறங்கும் என்று வானத்தைப் பார்த்தபடி வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நிற்கும்போது, அந்த ஆறு மூட்டை வித்தியாசம் இன்னொரு நடையாக மாறிவிடும். சட்டப்படி என்று நான் எழுதியதைப் படித்துச் சிலர் புன்னகைப்பார்கள் என்பது தெரியும். நம்மூரில் பின்ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட்டு மேலே எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது வேறு கதை.

மின்கலத்தின் கனத்தைச் சுமந்துகொண்டும் ஒரு டன் சுமையையும் 3.5 டன் இழுவையையும் விட்டுக்கொடுக்காதது இந்த வண்டியின் உண்மையான சாதனை. கண்ணைப் பறிக்காத சாதனைதான், ஆனாலும் வேலைக்காரனுக்குப் புரியும் சாதனை.

ஜாலோங், லிந்தாங் பக்கத்து மேட்டுப் பாதைகளில் இதன் இயல்பு நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். மழை விட்ட பிறகு செம்மண் ஏற்றத்தில் சுமையோடு நிற்கும் கியர் வண்டியைக் கிளப்பும்போது, கிளட்ச் கருகும் வாடை வராமல் ஏற்றிவிடும் ஓட்டுநர்கள் குறைவு. மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்குவிசை கிடைக்கும், ஆமை வேகத்திலும் அது குறையாது. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொண்டு மின்கலத்துக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகித் தளர்வதும் குறையும். காலையில் முழுதாக மின்னேற்றிய வண்டியை மேட்டிலிருந்து இறக்கினால் மட்டும் இந்தப் பிடிப்பு குறைவாக இருக்கும். நிறைந்த மின்கலத்தில் மேலும் சேர்க்க இடமிருக்காதே. சத்தமில்லாமல் ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை: தொலைவில் டீசல் உறுமல் கேட்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அரிவாளைத் தூக்கும் வழக்கம் இந்த வண்டி வந்தால் முடிவுக்கு வந்துவிடும். மண்டோர்கள் மகிழலாம்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, இதை வாங்கச் சொல்லி நான் ஏன் பரிந்துரைக்கவில்லை என்றால், காரணம் தூரமும் மின்னேற்றமும்தான். தோட்டத்துக்குள் சுற்றவும் ஈப்போவுக்குப் போய்வரவும் 263 கிலோமீட்டர் தாராளம். ஆனால் இங்கிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேகத்தில், பின்னால் சுமையோடு, குளிர்சாதனம் ஓட, அந்த ஒருவழிப் பயணமே கையைக் கடிக்கும். டிரெய்லர் இழுத்தால் மின் பிக்கப்பின் ஓட்டத்தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுவது அமெரிக்காவில் பெரிய மின்கலம் கொண்ட வண்டிகளிலேயே கண்கூடாகத் தெரிந்தது, 3.5 டன் இழுக்கும் உரிமை இருந்தும் அதை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல முடியும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வழியில் உள்ள மின்னேற்றி எவ்வளவு ஆற்றல் தந்தாலும் இந்த வண்டி ஏற்றுக்கொள்வது 50 கிலோவாட்தான். 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு வர ஒரு மணி நேரம். ஓய்விடத்தில் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கிளம்ப முடியாது.

வீட்டில் ஏற்றலாமே என்பார்கள். 11 கிலோவாட் மின்னேற்றத்துக்கு மும்முனை இணைப்பு வேண்டும். அது இருந்தால் இரவு முழுவதும் ஏற்றி விடியலில் எடுக்கலாம். தோட்டக் குடியிருப்புகளில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. சாதாரண 13 ஆம்பியர் செருகியில் ஏறத்தாழ 2.4 கிலோவாட் வீதம் ஏற்றினால் வெறுமையிலிருந்து நிரம்ப ஒரு நாளைத் தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் நம் தொழிலுக்கே உரிய ஒரு வழி திறந்திருக்கிறது. செம்பனை ஆலைகள் பெரும்பாலும் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் பழநாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவியால் சுழலியை ஓட்டுகிறார்கள். ஆலை நடக்கும் நேரத்தில் நாலைந்து பிக்கப்புகளுக்கு மின்னேற்றுவது அவர்களுக்கு ஒரு சுமையே அன்று. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே இரவில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியதை எந்தக் குத்தகைக்காரரும் மறந்திருக்கமாட்டார். அன்றைய விலையில் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் என்று கொண்டால் 30 ரிங்கிட் ஆகிறது. மின் டி-மாக்ஸ் அதே தூரத்துக்கு இழப்பையும் சேர்த்து 28 யூனிட் எடுத்தால், யூனிட் 50 காசு என்று வைத்தாலும் 14 ரிங்கிட். ஆலையின் சொந்த மின்சாரமென்றால் அதுவும் குறையும்.

ஆனால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினாலும் மிச்சப்படுவது 3,000 ரிங்கிட்டை ஒட்டித்தான் வருகிறது. பிரிட்டனில் இந்த வண்டியின் விலை மதிப்புக்கூட்டு வரி நீங்கலாக ஏறத்தாழ 60,000 பவுண்டு. அதே நாட்டில் டீசல் டி-மாக்ஸ் அதைவிடப் பெரிதும் மலிவு. இந்த இடைவெளியை எரிபொருள் மிச்சத்தால் மூடப் பல ஆண்டுகள் பிடிக்கும், அதற்குள் மின்கலத்துக்கான 8 ஆண்டு உத்தரவாதம் முடிந்துவிடும். நம் தோட்டத்து வண்டிகள் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் கைமாறிக்கொண்டிருப்பவை. ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கம்பிகளைத் தொடப் பயிற்சி பெற்ற கைகள் பட்டணத்துப் பட்டறையில் கிடைக்கும் வரை, பழைய மின் பிக்கப்புக்கு இங்கே விலை நிற்காது.

இசுஸு துணிந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், 2022இல் வெளிவந்தபோதே, வண்டியிலிருந்து 9.6 கிலோவாட் வரை மின்சாரத்தை வெளியே எடுக்கும் வசதியைத் தந்தது. பெட்ரோல் இயந்திரத்தையும் சுமந்து ஓடும் பிஒய்டி ஷார்க் 6 தன் சுமைத்தட்டிலேயே மின் செருகிகளை வைத்திருக்கிறது. தோட்டத்தின் நடுவில் தண்ணீர் பம்பையோ வெல்டிங் இயந்திரத்தையோ வண்டியிலேயே சொருகி ஓட்ட முடிந்தால், அது டீசல் பிக்கப்பால் செய்ய முடியாத வேலை. மின் பிக்கப் என்ற பொருளுக்கே அது ஒரு நியாயம். லைட்னிங்கின் முழு மின் வடிவத்தை நிறுத்துவதாக ஃபோர்டு 2025 டிசம்பரில் அறிவித்தாலும் அந்த யோசனை நிற்கும் யோசனைதான். இசுஸு பெருமையாகப் பேசுவதோ அச்சையும் சுமையையும் இழுவையையும் பற்றி.

ஆகவே சொந்த ஆலையும் மும்முனை இணைப்பும் உள்ள பெரிய தோட்டம், உள்வேலைக்கு மட்டும் இரண்டு வண்டிகளை வாங்கிப் பார்க்கலாம். அவர்களுக்கு இது பொருந்தும். குத்தகைக்காரர்களும் சிறுதோட்டக்காரர்களும் இப்போதிருக்கும் டீசல் வண்டிக்கு நல்ல டயராகப் போட்டு ஓட்டுவதே கணக்குக்குச் சரி. அடுத்த வடிவத்தில் சுமைத்தட்டில் மின் செருகியும் 350 கிலோமீட்டர் ஓட்டமும் வந்தால், முதல் ஆளாக நானே ஈப்போவுக்குப் போய் விலை கேட்பேன்.