பால்பாயிண்டா, வாட்டர்கலரா: தினமும் வரைய எது கைகொடுக்கும்?

தினம் ஒரு பக்கம் வரைவது என்று முடிவெடுத்தவுடன் கடைக்கு ஓடி வாட்டர்கலர் டப்பாவும் 300 ஜிஎஸ்எம் கனத்த தாள் நோட்டும் வாங்கினேன். ஒன்பதாம் நாளோடு நின்றுபோனது. தாளின் விலை நினைவுக்கு வந்தாலே கை தயங்கும். கோணல் கோடு போட்டுப் பக்கத்தை வீணாக்க மனசு வராது. அப்புறம் தண்ணீர்க் கிண்ணம், துணி, முதல் பூச்சு காயும்வரை காத்திருப்பு. ராத்திரி பத்து மணிக்கு இதையெல்லாம் எடுத்துவைப்பதே ஒரு வேலை.

மறுபடி தொடங்கியது, சும்மா கிடந்த பழைய டைரியிலும் நீலப் பால்பாயிண்டிலும். அழிக்க முடியாது என்பதுதான் அதன் பெரிய வசதி. தப்பான கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டு நகர வேண்டியதுதான். லேசாகப் பிடித்தால் பென்சில் போல மங்கலாக விழும், அழுத்தினால் கருக்கும். குறுக்குக் கோடுகளை நெருக்கமாக அடுக்கினால் நிழல். நேற்று காபி டம்ளரின் விளிம்பு மட்டும், நாலே நிமிடத்தில். டபராவுக்குப் பொறுமையில்லை, விட்டுவிட்டேன். முனையில் திரளும் மைதான் தொல்லை. துண்டுத்தாளில் துடைத்துக்கொண்டால் சரி.

நிறம் என்று வந்தால் வாட்டர்கலரை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். மாலை வானத்தை நீலப் பேனாவில் என்ன செய்வது? ஆனாலும் புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டால் பேனாவைத்தான் சொல்வேன். நான் இப்போது ஞாயிறு மட்டும் டப்பாவைத் திறக்கிறேன். அதுவும் அந்தக் கனத்த நோட்டில்தான். டைரித் தாள் தண்ணீர் பட்டால் அப்பளம் போல நெளிந்துவிடுகிறது.