ஆலனா, ஜாக்சனா: யார் மீது பழி?
அமெரிக்கக் கால்பந்து (NFL) லீக்கின் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்றில், சறுக்குகிறவர்கள் என்று குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்கள்) ஜோஷ் ஆலனையும் லமார் ஜாக்சனையும் எதிரணி ரசிகர்கள் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

2022 ஜனவரி, கான்சஸ் சிட்டி அணியுடன் அவர்கள் ஊரிலேயே ஆட்டம். 13 விநாடி மிச்சமிருக்க ஆலன் நான்காவது டச்டவுனை (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி) வீசி, தன் அணி பஃபலோவை 36-33 என்று முன்னே நிறுத்தினார். பஃபலோவின் தடுப்பாட்டம் கோட்டைவிட்டது, ஆட்டம் சமனானது. அப்புறம் கூடுதல் நேரத்தில் டாஸ் போனது. கான்சஸ் சிட்டி முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் அடித்து ஆட்டத்தை முடித்ததால், பந்து அவர் கைக்கே வரவில்லை. 42-36 தோல்வி. பிளேஆஃப் கூடுதல் நேர விதியையே பிறகு மாற்றினார்கள். இதில் அவர் குற்றம் எங்கே?

ஜாக்சன் கதை வேறு. 14 வெற்றி, 2 தோல்வி என்று வந்த அவரது பால்டிமோர் அணி, 2020 ஜனவரியில் டென்னசியிடம் 28-12 என வீழ்ந்தது. அவர் பக்கம் இரண்டு இன்டர்செப்ஷன், அதாவது அவர் வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. ஆனால் 2025இல் பஃபலோவிடம் 27-25 என்று தோற்றபோது, ஆட்டத்தைச் சமன் செய்யும் கடைசி இரண்டு புள்ளிக்கான பந்தைச் சரியாகத்தான் வீசினார். அது சக வீரர் மார்க் ஆண்ட்ரூஸ் கையிலிருந்து நழுவியது. அன்று ஜாக்சன் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தார், சரி. நழுவிய பந்தையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம்.