கேரவனை வாட்டர் வாஷ், கோட்டிங் என்று விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னையில் கேரவன் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கார் கழுவுகிற கடைக்காரர் "கேரவனும் பண்ணுவோம் சார்" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பைபாஸ் ஓரம் உள்ள ஒரு பெரிய கடையில் நாங்கள் கொடுத்தோம். கூரையில் பழைய சீலன்ட் (இடுக்கில் தண்ணீர் இறங்காமல் அடைக்கிற பசை) மொத்தத்தையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவது, பாடிக்கு பாலிஷ், அதன் மேல் செராமிக் கோட்டிங் (தண்ணீர் ஒட்டாமல் வழிய வைக்கிற பாதுகாப்புப் பூச்சு), இதுதான் பேச்சு. வண்டியை எடுக்கப் போனபோது பளபளவென்றுதான் நின்றது. கூரையைப் பார்க்கிறேன் என்று ஏணி கேட்டேன். "கோட்டிங் காயணும் சார், இப்ப மேல ஏறக் கூடாது" என்று தடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் உண்மை வெளியே வந்தது. கூரையில் காற்றுப் போக வைத்திருக்கிற வென்ட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்கி, உள்சுவர் பிளைவுட் ஊறி உப்பிவிட்டது. கேரவன் கட்டுகிற வேறொருவரை அழைத்துவந்து மேலே ஏற்றினால், பழைய சீலன்ட் வெடித்தபடி அப்படியே இருக்கிறது, அதன் மேல் பாத்ரூமுக்குப் பூசுகிற சிலிக்கானைத் தடவி வைத்திருக்கிறார்கள்! வெடித்துப்போன, அழுக்கேறிய பழைய சீலன்ட் மேல் சிலிக்கான் சரியாக ஒட்டாது. அதைவிடக் கொடுமை, சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் நல்ல பாலியூரிதேன் சீலன்ட் போட்டாலும் பிடிக்காது, துளி விடாமல் சுரண்டி எடுத்தால்தான் மறுவேலையே தொடங்க முடியும். புதிதாகப் போடுகிற செலவைவிட இதை எடுக்கிற கூலி அதிகம்.

ஜன்னல்கள் இன்னொரு வயிற்றெரிச்சல். கேரவன் ஜன்னல் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். ஸ்டிக்கர் பசையை எடுக்கத் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள், ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதுமான வேலை அது.

செராமிக் என்று பணம் வாங்கியது வெறும் மெழுகுதான் என்று நினைக்கிறேன், சில ஷாம்பு வாஷிலேயே தண்ணீர் முத்து முத்தாக நிற்பது போய்விட்டது. ஃபைபர் பாடி நம் ஊர் வெயிலில் மங்கி, கறுப்புத் துணியால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரும். காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு அந்தப் பொடியை எடுக்காமல் எதைப் பூசினாலும் நிற்காது. இப்போது தேய்த்தாலும் எங்கள் வண்டியில் பொடி வருகிறது.

கேட்கப் போனால், "பெரிய வண்டின்னா மழைக்குக் கொஞ்சம் ஒழுகத்தான் சார் செய்யும்" என்கிறார் முதலாளி. பில்லில் "ஃபுல் பாடி சர்வீஸ்" என்று ஒரே வரி. அதனால் சீலன்ட் பெயர், கோட்டிங் பெயர் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பழையதைச் சுரண்டியபின் போட்டோ கேளுங்கள். பிரஷர் கன்னை வென்ட் பக்கமும் ஜன்னல் ரப்பர் பக்கமும் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூரையைப் பார்க்க விடாத கடையில் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சென்னையில் கேரவன் அக்ரிலிக் ஜன்னல் கிடைக்கிற இடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த மழைக்குள் மாற்றியாக வேண்டும்.