கேஸ் அடுப்பு தானாகப் பற்றவில்லையா? "வால்வு போச்சு" என்றால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக வயதான பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் வீட்டுக்காரர்கள், இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அடுப்பு பற்றவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், வந்ததும் பயமுறுத்திப் பணம் கறக்கிறார்கள். என் அம்மாவிடம் ஒருவர் 280 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த அடுப்புக்குத் தேவைப்பட்டது ஒரு பேட்டரி.

அம்மா இருப்பது வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. மூன்று பர்னர் வைத்த கண்ணாடி அடுப்பு, குழாய் கேஸ். குமிழை அழுத்தினால் வரும் 'டிக் டிக்' சத்தம் சில காலமாகவே தொய்ந்து தொய்ந்து வந்திருக்கிறது. ஒரு நாள் காலை அடியோடு நின்றுவிட்டது. அம்மா பதறவில்லை. லைட்டரை வைத்துப் பற்றவைத்துக் காபி போட்டு, சமையலையும் முடித்துவிட்டார். அதன்பிறகுதான் இணைய விளம்பரத்தில் பார்த்த ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போன் போட்டார். வந்தவர் தமிழ் பேசுகிறவர். நம் ஆள் என்று அம்மாவுக்கு நிம்மதி.

அவர் குமிழ்களைத் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "ஆன்ட்டி, வால்வு மூணும் போயிடுச்சு. இப்படியே விட்டா கேஸ் லீக்காகும். வீட்ல தனியா வேற இருக்கீங்க." அம்மா சொல்லியிருக்கிறார், "காலையில லைட்டர் வச்சுத்தானே தம்பி சமைச்சேன், நல்லாத்தான் எரிஞ்சுது" என்று. அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வால்வு மாற்ற 680 வெள்ளி, இல்லையென்றால் புது அடுப்பே தருகிறேன், இப்போது முன்பணம் கொடுங்கள் என்று ரொக்கமாக வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவிடம் எந்தத் தவறும் இல்லை. கேஸ் லீக் என்று சொன்னால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

அன்று மாலை நான் போய் அடுப்புக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து பார்த்தேன். பேட்டரிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. அதன் மூடி விளிம்பு முழுக்கப் பழைய எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி, ஒரு விரல் தடம்கூட இல்லை. அதாவது, அந்த மனிதர் அதைத் தொடவே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே தடித்த டி சைஸ் பேட்டரி ஒழுகிப்போய், ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு அதைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புது அல்கலைன் பேட்டரி ஒன்றைப் போட்டேன். மூன்று பர்னரிலும் பொறி பறந்தது. பேட்டரியின் விலை சில வெள்ளி.

அவர் சொன்னது ஏன் பொய் என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். இந்த மாதிரி அடுப்பில் பொறி உண்டாக்கும் வேலை வேறு, கேஸ் விடும் வேலை வேறு. பொறிக்குப் பேட்டரி, அதிலிருந்து மின்னழுத்தத்தைக் கூட்டும் ஒரு சின்னப் பெட்டி, பர்னர் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானுக்குள் நிற்கும் ஊசி. கேஸுக்கு வால்வும், சுடர் அணைந்தால் வால்வை மூடிவிடும் தெர்மோகப்பிள் என்ற உணர்கம்பியும். லைட்டரால் பற்றவைத்து, குமிழிலிருந்து கையை எடுத்த பிறகும் நீலச் சுடர் நிலையாக எரிகிறது என்றால் வால்வும் தெர்மோகப்பிளும் வேலை செய்கின்றன. கோளாறு பொறிப் பக்கம்தான். அதிலும் மூன்று பர்னரும் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் போனால், மூன்றுக்கும் பொதுவான பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று வால்வும் பேசி வைத்துக்கொண்டு ஒரே காலையில் கெடாது.

சத்தம் வருகிறது, ஆனால் ஒரு பர்னர் மட்டும் பற்றவில்லை என்றால் அந்த ஊசியைப் பாருங்கள். பால் பொங்கி வழிந்த கறையோ, அடுப்பைக் கழுவிய ஈரமோ இருந்தால் பொறி வேறு பக்கம் பாய்ந்துவிடும். துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். பர்னர் மூடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் பற்றாது. பீங்கான் விரிசல் விட்டிருந்தால் ஊசியை மாற்றித்தான் ஆக வேண்டும். பற்றுகிறது, கையை எடுத்ததும் அணைகிறது என்றால் அது தெர்மோகப்பிள். அம்மா வீட்டிலும் சிறிய பர்னரில் அந்தக் கோளாறு இருந்தது. நுனியில் கரி ஏறியிருந்தது, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் நின்று எரிந்தது.

லைட்டரால் பற்றவைக்கும்போது முதலில் லைட்டரின் சுடரைப் பர்னர் அருகில் பிடித்துக்கொண்டு, பிறகுதான் குமிழைத் திருப்ப வேண்டும். பற்றிய பின் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். பற்றவில்லை என்றால் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, காற்றோட வைத்த பிறகே மறுபடி. கேஸ் வாசனை வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். மெயின் வால்வை மூடி, மின் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து அங்கிருந்து போன் செய்யுங்கள்.

புது அடுப்பு என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்டிக்கரில் எல்பிஜி என்று இருக்கிறது. அது சிலிண்டருக்கான அடுப்பு. நம் குழாய் கேஸில் கணிசமான பங்கு ஹைட்ரஜன். அதற்கு நாசில், அதாவது கேஸ் வெளிவரும் முனை, அதன் துளையின் அளவே வேறு. ஒன்றுக்கானதை மற்றொன்றில் மாட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஒரு வயதான அம்மாவின் சமையலறையில் அதை மாட்டத் துணிந்திருக்கிறார்!

கேஸ் குழாயில் கை வைக்கும் வேலையைச் சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ளவர்தான் செய்யலாம். ஆணையத்தின் இணையத்தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். வாசலிலேயே உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் உள்ளே விட வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பார்ட் ஆர்டர் போட்டாச்சு, ரீஃபண்ட் கிடையாது" என்று பதில். எந்தப் பார்ட், பில் எங்கே என்று கேட்ட பிறகு பேச்சே இல்லை. அவர் கொடுத்த ரசீது கடையில் விற்கும் சாதாரணப் புத்தகத்திலிருந்து கிழித்தது. நிறுவனத்தின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. விளம்பரத்தில் இருந்த பெயரை வைத்து, நிறுவனப் பதிவுகளைப் பார்க்கும் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடித்தேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போட அது தேவை. 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளை, வக்கீல் இல்லாமல், 2 ஆண்டுக்குள் அங்கே கொண்டு போகலாம். 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். பயனீட்டாளர் சங்கத்திடமும் புகார் கொடுத்திருக்கிறேன்.

மன்றத்தில் மனு பதிவாகிவிட்டது, நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் "வால்வு மூணும் போச்சு" என்று முன்பணம் வாங்கியிருந்தால், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், ரசீதைப் படம் எடுத்து வைத்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். மனு எழுத நான் உதவுகிறேன்.