தெரேனின் ‘கொலியூர் மலைகள்’ கேன்வாஸ் பிரிண்ட்: கடையில் கேட்டு வாங்க வேண்டியவை

பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே தெரேனின் ‘கொலியூர் மலைகள்’ ஓவியத்தை பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு ஃபிரேம் கடையில் கேன்வாஸ் பிரிண்டாகப் போட்டு வாங்கினேன். 40க்கு 50 சென்டிமீட்டர், ஃபிரேமோடு 190 ரிங்கிட். தாராளமாக வாங்கலாம், ஆனால் சில விஷயங்களை வாய் திறந்து கேட்க வேண்டும்.

1905 கோடையில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மத்தீஸும் தெரேனும் பிரான்ஸின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கொலியூர் என்ற கடலோர ஊரில் சேர்ந்து வேலை செய்தபோது தெரேன் வரைந்த படம் இது. மூலம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. முன்னால் ஆலிவ் மரங்கள், பின்னால் மலை, காட்சி அவ்வளவுதான். ஆனால் அந்த மலை ஆரஞ்சும் நீலமுமாக நிற்கிறது, இலைகள் நீள நீளமான பச்சைத் தீற்றல்கள், நிழல் என்றால் கறுப்போ பழுப்போ என்ற பழக்கத்தையே மனுஷர் தூக்கிப் போட்டுவிட்டார். ஆரஞ்சை ஒட்டி நீலம், பச்சையை ஒட்டி சிவப்பு என்று எதிரெதிர் நிறங்களை வைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன, சூரியனை வரையாமலே உச்சிவெயில் வந்துவிடுகிறது. தீற்றல்களுக்கு நடுவே அங்கங்கே வண்ணம் படாத கேன்வாஸ் வெளுப்பாகத் தெரியும். எனக்கு உயிரே அந்த இடைவெளிதான்!

முதலில் போட்டுக் கொடுத்த பிரிண்டில் அதுதான் போயிற்று. மலை செங்கல் நிறம், வெளுப்பு எல்லாம் சந்தன நிறம், மேலே பளபளவென்று லேமினேஷன் வேறு, ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதிப் படம் கண்ணாடி. சாதாரண நான்கு மை பிரிண்டரில் இவ்வளவு அழுத்தமான ஆரஞ்சும் பச்சையும் வராது. “அண்ணே, ஆரஞ்சு மை தனியாக இருக்கிற மிஷினில் போட்டுத் தாங்க, லேமினேஷன் வேண்டாம்” என்றேன், முகம் சுளிக்காமல் பளபளப்பில்லாத மேட் கேன்வாஸில் திரும்பப் போட்டார். இரண்டாவது அருமை, மரத்தண்டின் சிவப்பு இப்போதுதான் பச்சைக்குப் பதில் சொல்கிறது.

நிறமி மை (pigment) தானா என்றும் கேளுங்கள், சாய மை (dye) சீக்கிரம் வெளுக்கும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். பினாங்கு ஈரத்துக்கு ஃபிரேமின் பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் சின்ன ரப்பர் கட்டை வைத்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தங்க நிற ஃபிரேமைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது மலையின் ஆரஞ்சோடு மல்லுக்கு நிற்கும், மெல்லிய வெள்ளைச் சட்டமே போதும்.

ஒரே குறை அளவு. மூலம் கிட்டத்தட்ட 81க்கு 100 சென்டிமீட்டர், பாதியாகக் குறைத்தால் தீற்றல்களின் வேகம் சுருங்கிவிடுகிறது. சுவரில் இடம் இருந்தால் முழு அளவிலேயே போடுங்கள்.