லேத் மோட்டாரும் சிங்கிள் பேஸ் டிரைவும்: ஐந்து வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் லேத் பட்டறை. கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு ரோலர், டை, சின்னச் சின்ன ஷாஃப்ட் என்று கடைந்து கொடுக்கிறேன். பழைய வெளிநாட்டு லேத் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. அதில் 2 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். வாடகை இடத்திலோ சிங்கிள் பேஸ் மட்டும்தான். அதனால் 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸாகத் தரும் டிரைவ் (மோட்டார் வேகத்தையும் மாற்றும் மின்னணுப் பெட்டி) ஒன்றைச் சேர்த்து வாங்கினேன்.

மூன்று மாதம் பாடாய்ப் படுத்தியது. வெறுமனே ஓடும்போது சுகமாக ஓடும், கொஞ்சம் ஆழமாக வெட்டினால் திணறி நிற்கும், டிரைவ் ஓவர்லோடு காட்டி டிரிப் ஆகும். டிரைவ்தான் மட்டம் என்று முடிவே கட்டிவிட்டேன். மோட்டாரைப் பார்க்க வந்த வைண்டிங் கடை அண்ணன் டிரைவைத் தொடவே இல்லை. டெர்மினல் மூடியைக் கழற்றி, "தம்பி, இது ஸ்டார்ல கிடக்குதுங்க. பிளேட்டைப் படிச்சீங்களா?" என்றார்.

மோட்டாரின் மேல் இருந்த பிளேட்டில் 230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார், 6.1/3.5 ஆம்பியர் என்று இருந்தது. மோட்டாரின் மூன்று காயிலுக்கும் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டால் ஸ்டார், ஒன்றின் முனையை அடுத்ததோடு வளையமாகச் சேர்த்தால் டெல்டா. ஒவ்வொரு காயிலுக்கும் வேண்டியது 230 வோல்ட். ஸ்டாரில் 230 கொடுத்தால் காயிலுக்குக் கிடைப்பது 133தான். இழுவையோ மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரே வரிசையில் கிடந்த பித்தளைப் பட்டைகளை மூன்று ஜோடியாக மாற்றிப் போட்டார். டிரைவில் 230 வோல்ட், 6.1 ஆம்பியர் என்று திருத்தினேன். அன்று மாலையே 40 மி.மீ. ராடில் மரை வெட்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அதன்பின் நாலு வருடம் நிம்மதி. வேகத்தைத் திருகிலேயே கூட்டிக் குறைப்பது பெரிய வசதி. ஆனால் மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், உடம்பு கொதிக்கும். தனியாக ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். 16 ஆம்பியர் பிளக் கருகிப்போனது. ஒரே பேஸிலிருந்து அவ்வளவு கரண்ட் இழுக்கிறது, பிளக்கே வேண்டாம், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வழியாக நேராகக் கொடுங்கள். டிரைவை அணைத்தாலும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். பத்து நிமிடம் போகாமல் மூடியைத் திறக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன வருடம் த்ரீ பேஸ் சர்வீஸ் உள்ள இடத்துக்கு மாறினேன். இங்கே 415 வோல்ட். டெல்டாவிலேயே விட்டிருந்தால் 230 வோல்ட் காயில் 415-ஐ வாங்கிப் புகைந்திருக்கும். லைன் கொடுக்கும் முன்பே பட்டையை ஸ்டாருக்கு மாற்றி, மூடியின் உள்பக்கம் பெயிண்டில் "ஸ்டார், 415" என்று எழுதினேன்.

பழைய டிரைவ் இப்போது தம்பியின் வீட்டுப் பட்டறையில் டிரில்லிங் மெஷினுக்கு. அது நம் ஊர் 1 எச்.பி. மோட்டார், 415 ஸ்டார். வெளியே மூன்று வயர்தான் வந்திருந்தது. ஸ்டார் முடிச்சு உள்ளேயே கட்டியிருந்தார்கள். அதே அண்ணன்தான் முடிச்சைப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுத்து, டிரைவ் தரும் 230-க்கு ஏற்ப டெல்டா போட்டுக் கொடுத்தார்.